பெரிய கல்லை விடுங்கள், சின்னக் கல்லைப் பாருங்கள்

இறந்தவர்களுக்காகப் பலகைக்கற்களை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலச் சின்னம்தான் கல்திட்டை. அதைப் பார்க்கக் காட்டுக்குள் போகிறவர்களில் பாதிப் பேர் முதலில் மூடுகல்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். தப்புதான். ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. சுற்றிக் கிடக்கும் சில்லுக்கற்களைப் பொறுக்கி அடுப்புக் கூட்டுகிறார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளையாடுகிறார்கள். அந்தக் கற்கள் சும்மா கிடப்பவை அல்ல.

கிட்டப் போய் மூலையைப் பாருங்கள். செங்குத்தாக நட்ட நான்கு பலகைக்கற்களும் பெட்டி மூலைபோல முட்டி நிற்காது. ஒவ்வொன்றின் ஒரு முனை அடுத்ததைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா வடிவம். வெளி மண் தள்ளி ஒரு பலகை உள்ளே சாயப் பார்த்தால், பக்கத்துப் பலகையின் விளிம்பு தடுத்துவிடும். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. வெளிப்பக்கம் சாயாமல் பிடிப்பது சுற்றிலும் கொட்டிய மண்ணும் சில்லுக்கல்லும். அந்தக் குவியல் சரியாமல் காப்பது அதைச் சுற்றி வைத்த கல்வட்டம். வட்டத்தில் இரண்டு கல்லை உருட்டிவிட்டால் மழையில் குவியல் கரையும், பலகை வெளியே சாயும், மூடுகல் இறங்கும். எல்லாம் நடந்து முடியச் சில மழைக்காலம் ஆகும் என்பதால், உருட்டியவருக்குத் தன் கைவேலை என்றே தெரியாது.

தரைக்கு மேல் தெரிந்தால் கல்திட்டை, மண்ணுக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. "பெருங்கற்காலச் சின்னம் எங்கே?" என்று ஆடு மேய்ப்பவரிடம் கேட்டால் விழிப்பார். பாண்டவர் குழி, குள்ளர் வீடு என்று கேளுங்கள். கேரளத்தின் மறையூர்ப் பக்கம் முனியறை என்பார்கள். முன்பலகையில் இருக்கும் சின்ன ஓட்டைதான் 'குள்ளர்' கதைக்குக் காரணம். அது வாசல் இல்லை, இடுதுளை. பெரும்பாலும் கிழக்கு பார்த்திருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. திசைகாட்டி வைத்தே பாருங்கள். காந்தம் வைத்த உறையோடு கைபேசித் திசைகாட்டியைப் பிடித்தால் தப்பாகக் காட்டும்.

அந்தத் துளைக்குள் தலையையோ கையையோ விடாதீர்கள். பாம்புக்கும் தேளுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டடி தள்ளி நின்று டார்ச் அடித்தாலே உள்ளே தெரியும். அதற்கு முன் மூடுகல்லின் அடியில் தேன்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். உட்பக்கம் வெள்ளை ஓவியம் தென்பட்டால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிக்க வேண்டாம், நிறம் உரியும். சாய்வாக விழும் காலை வெயிலே போதும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

தரையில் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பாகப் பானை ஓடு கிடக்கும். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறம் காற்றுப் படாமல் கறுத்தது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வையுங்கள். தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில், இறந்தவரைப் புதைக்கும் பெரிய பானையான முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள். அதைத் தாழியின் காலமாகச் சொல்ல முடிந்தது, நெல் தாழிக்குள்ளேயே இருந்ததால். வெளியே சிதறிய நெல்லை வைத்து அப்படிச் சொல்ல முடியுமா?

புதையல் ஆசைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆதிச்சநல்லூரில் பொன் நெற்றிப்பட்டம் கிடைத்தது உண்மை. ஆனால் பெரும்பாலான குழிகளில் பானை, துருப்பிடித்த இரும்பு, மணிகள், எலும்பு, இவ்வளவுதான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட மத்தியத் தொல்லியல் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படம் போடுங்கள், இருப்பிடக் குறியை அணைத்துவிட்டுப் போடுங்கள். தாலுகா பெயர் போதும். துல்லியமான இடத்தைத் தொல்லியல் துறைக்கு மட்டும் அனுப்புங்கள், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நான்கு திசையிலிருந்தும் எடுத்த படங்களோடு. அளவுகோலைக் கல்லில் சாய்க்காமல் தரையில் வையுங்கள்.