அளந்தவர்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை

சனிக்கிழமை நடந்த மாணவர் நகர வடிவமைப்புப் போட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாக அடக்கிக்கொண்டிருந்தேன். முதல் பரிசு பெற்ற படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் நேற்று ஒரு நண்பர், "அவர்கள் கொடுத்தது அளவெடுப்பு அறிக்கை, வடிவமைப்பு அல்ல" என்று தோற்ற குழுவைப் பற்றி நடுவர் ஒருவர் சொன்னதைப் பாராட்டிப் பகிர்ந்திருந்தார். அதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை. அளக்காமல் வரைந்தது வடிவமைப்பே ஆகாது.

போட்டிக்குக் கொடுத்த இடம் நம் புதுச்சேரியின் பெரிய வாய்க்கால். செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே ஓடி, மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால். அதைக் கான்கிரீட் பலகையால் மூடி, மேலே விளக்குகளும் உணவகங்களும் நிழல்மரங்களும் வைத்த திட்டத்துக்கு முதல் பரிசு. அந்த மரங்களின் வேர் எந்த மண்ணுக்குள் இறங்கும், அடியில் சேரும் வண்டலை எந்த வழியாக எடுப்பார்கள், இயந்திரம் நுழைய முடியாவிட்டால் எந்த மனிதரை உள்ளே இறக்குவார்கள் என்று ஒரு நடுவர்கூடக் கேட்கவில்லை. 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவுநீர்க் குழாய் வழியாக வீட்டுக் கழிவறைக்குள் ஏறிய விஷவாயு மூன்று உயிர்களைப் பறித்த ஊர் இது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரில் என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அந்த இரவை நான் மறக்கவில்லை. இந்த ஊரில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைவிடப் பெரிய வடிவமைப்புக் கேள்வி எது?

தோற்ற குழுவில் என் அக்கா மகள் இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன் என்பீர்கள். ஆம், அதனாலும்தான். அவளும் அவள் நண்பர்களும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விடியற்காலையில் எழுந்து, நேரு வீதி முனையிலிருந்து தெற்கே நடந்து, தெருமட்டத்தையும் வாய்க்கால் கரையையும் டியூப் வைத்து அளந்தார்கள். அந்த டியூப் என் அப்பாவுடையது. நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்த அவர், ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்த பிறகே முதல் கல்லை வைப்பார். எந்தப் பொறியாளர் அவசரப்படுத்தினாலும் அதில் விட்டுக்கொடுத்ததில்லை. நான் கட்டடக்கலை படித்தபோது, திண்ணையும் தெருத் தாழ்வாரமும் உள்ள வீட்டு வரிசையை இறுதித் திட்டத்தில் வரைந்தேன். "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிப் போட்டார் அன்றைய நடுவர். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கும்படி வீட்டின் முன்பகுதியைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் செய்தது நகர வடிவமைப்பு இல்லையா? வைசியாள் வீதியில் அப்படிப்பட்ட வீட்டு முகப்புகளை மீட்டெடுத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. அப்போது மட்டும் எல்லோரும் பெருமைப்பட்டோம்.

மாணவர் போட்டியில் கற்பனைக்குத்தானே இடம், வடிகால் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கற்பனையை நான் எதிர்க்கவில்லை. பதினெட்டு, இருபது வயதில் இல்லாத கற்பனை பிறகு வராது என்பதும் உண்மைதான். ஆனால் இந்தப் பிள்ளைகளும் கற்பனை செய்தார்கள். வாய்க்காலைத் திறந்தே வைத்து, கரையில் படிகளும் நிழலும் அமைத்து, தண்ணீர் ஏறும்போது கீழ்ப்படிகள் முழுகும்படி வரைந்தார்கள். அளவு தெரிந்ததால் எந்தப் படி முதலில் முழுகும் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அதை நடுவர்கள் ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை. சுற்றுலா வருமானம் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. எல்லாப் போட்டிகளிலும் இந்த வாய்க்கால், அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளையர் பகுதியின் கொல்லைப்புறமாகவே வரையப்படுகிறது. மேற்கே இருக்கும் தமிழர் பகுதி சாம்பல் நிறக் கட்டங்களாகக் கிடக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை அந்தக் கட்டங்களுக்குள் வீடுகளையும் வாசல்களையும் வரைந்தால், அதற்கு அறிக்கை என்று பெயர் வைக்கிறார்கள்.

அன்று இரவு அவள் அழவில்லை. "சித்தி, நாங்க தப்பா அளந்துட்டோமா?" என்று மட்டும் கேட்டாள். அவர்களுடைய ஆறு தாள்களும் என் அலுவலக மேசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவர்கள் உட்பட யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன்.