பிள்ளைகளுக்குக் கூச்சமில்லை, காதில் விழவில்லை

மேலூர்ப் பள்ளியையும் பேரையூர்ப் பக்கத்துப் பள்ளியையும் வீடியோ மீட்டிங்கில் சேர்த்து வியாழக்கிழமை நடந்த அந்த இணைப்பு வகுப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் போட்ட வரியைப் படித்த பிறகு முடியவில்லை. "மேலூர்ப் பிள்ளைங்க நல்லாப் பேசுச்சுங்க, பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளைங்க வாயே தொறக்கல." அதற்கு எத்தனை பேர் ஆமாம் போட்டிருக்கிறீர்கள்!

வாயைத் திறக்கவில்லைதான். அவர்களுக்குக் கேட்கவில்லை. கடைசி இரண்டு வரிசைக்கு ஒரு கேள்விகூட முழுசாய்ப் போய்ச் சேரவில்லை. காதில் விழாத கேள்விக்கு எந்தப் பிள்ளை பதில் சொல்லும்?

அங்கே நடந்தது என்னவென்று சொல்கிறேன். படம் எடுப்பதற்காக ஆசிரியர்கள் இருவர் தங்கள் போனிலும் அதே மீட்டிங்குக்குள் வந்தார்கள். இரண்டு போனிலும் மைக் திறந்திருந்தது. ஸ்பீக்கரில் வந்த சத்தத்தை அந்த மைக்குகள் மறுபடி பிடித்து அனுப்ப, 'கீ...' என்று ஊளை. லேப்டாப்புக்குத் தன் ஸ்பீக்கரில் வரும் சத்தத்தைக் கழித்துவிடத் தெரியும். பக்கத்துப் போனில் வருவது அதற்குத் தெரியாது. ஊளையை நிறுத்த யாரோ ஓடிப்போய் ஸ்பீக்கரைக் குறைத்தார்கள். அப்புறம் கூட்டவே இல்லை.

ஓர் அறைக்கு ஒரே ஒரு மைக், ஒரே ஒரு ஸ்பீக்கர். மற்றதெல்லாம் உள்ளே வந்தாலும் ஆடியோவைத் துண்டித்துவிட வேண்டும். ஸ்பீக்கரை புளூடூத்தில் இணைக்காமல் ஒயரில் கொடுங்கள். புளூடூத்தில் சத்தம் தாமதமாக வருவதால், லேப்டாப் தன் சத்தத்தைக் கழிக்கும் அந்த எதிரொலி நீக்கம் தடுமாறும்.

அடுத்தது அந்த "சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு". லேப்டாப் மைக் ஒரு கை நீளத்தில் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்தது. தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். சிமெண்ட் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் சத்தம் அப்படிக் குறைவதில்லை. அதனால் இருபதடி தள்ளி நின்று பிள்ளை எவ்வளவு கத்தினாலும் அந்தப் பக்கத்துக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரிதான் கேட்கும். மைக்கிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு ஸ்டூல் போடுங்கள். பேசுகிற பிள்ளை அங்கே வந்து உட்காரட்டும், அடுத்த பிள்ளை பக்கத்தில் தயாராக நிற்கட்டும். மைக்குக்கு நேர் மேலே இருக்கும் ஃபேனை மட்டும் நிறுத்துங்கள். செலவு ஒரு பைசா இல்லை. காலர் மைக் வாங்கினால் யுஎஸ்பி மைக்காக வாங்குங்கள். ஹெட்போன் துளையில் சொருகும் மைக்கை ஹெட்செட் என்று நினைத்துச் சில லேப்டாப்புகள் ஸ்பீக்கரையே அடைத்துவிடும்.

"கிராமத்துல நெட்வொர்க் இல்லையே, என்ன செய்ய?" என்பார்கள். குரல் போக 100 கேபிபிஎஸ் நெட் வேகம்கூட வேண்டாம். திக்கினால் முதலில் எச்டி என்கிற துல்லியப் படத்தை நிறுத்துங்கள், பிறகு கேமராவை. அதுவும் போதவில்லையென்றால் படம் மீட்டிங்கில் ஓடட்டும், இரண்டு பக்கமும் மீட்டிங் ஒலியை அடைத்துவிட்டுச் சாதாரண போன் காலை ஸ்பீக்கரில் போடுங்கள். படம் இல்லாமல் பாடம் நடக்கும். குரல் இல்லாமல் நடக்காது.

"புது விஷயம், போகப் போகச் சரியாகும்" என்கிறவர்களுக்கு: வகுப்பறைகளை இணைப்பதற்கென்றே இஸ்ரோ எடுசாட் செயற்கைக்கோளை ஏவியது 2004 செப்டம்பர் 20-ல். இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

"நேரில் கூட்டிப் போகலாமே" என்பது நியாயம்தான், கூட்டிப் போங்கள். ஆனால் மதுரை வந்து பஸ் மாறி மாசம் இரண்டு தடவை யார் கூட்டிப் போவது? செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. இதில் எந்தப் பிள்ளை கையிலும் போன் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் அறுந்துவிடும். அதில் பாதிக்கு மேல் வாழ்த்துரை. பிள்ளைகள் முறை வரும்போது கடிகாரம் முடிந்துவிட்டது. கூகுள் மீட்டில் மூன்று இணைப்பு ஆனால்தான் 60 நிமிஷக் கட்டுப்பாடு. பள்ளிக்கு ஒன்று என இரண்டே இணைப்பு இருந்தால் இலவசக் கணக்கிலேயே 24 மணி நேரம் வரை பேசலாம். அதற்கு விருந்தினர்கள் தங்கள் போனிலிருந்து உள்ளே வராமல் இருக்க வேண்டும். வாழ்த்துவதென்றால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். வகுப்பு நேரம் பிள்ளைகளுடையது. அந்த டேட்டாவும் ஓர் ஆசிரியையின் சொந்தப் பேக்கில் போனது, அதையும் யாரும் கேட்கவில்லை.

பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் தயாரித்தார்கள். மானாவாரிச் சோளம் எப்போது விதைப்பது, எத்தனை மழைக்குத் தாங்கும் என்று வீட்டில் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். பெரியாறு தண்ணீர் பாயும் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கக் கேள்விகளும் வைத்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டில் முதல் கேள்வி: "உங்க வாய்க்கால்ல தண்ணி வந்தா மொதல்ல யார் வயலுக்குப் பாயும்? அத யார் முடிவு பண்றது?"

இதை எழுதிய பிள்ளையைத்தான் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். அந்தக் கேள்வி இன்னும் நோட்டிலேயே இருக்கிறது. மேலூர் டீச்சர், அடுத்த வியாழன் இரண்டு மணிக்கு உங்கள் பக்கம் ஒரு லேப்டாப், ஒரு ஸ்டூல் போதும். ஒன்றரை மணிக்கே சத்தத்தைச் சோதித்துவிடுவோம். கடைசி வரிசையில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.