பழைய படகைக் கொடுப்பதற்கு முன்

திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் கழித்த விடுமுறை பற்றிய ஒரு கட்டுரையின் இறுதியில், பயன்படாத வாகனங்களையும் படகுகளையும் பாழடைய விடாமல் தொண்டு அமைப்புகளுக்கு வழங்கலாம் என்று அதன் ஆசிரியர் கூறியிருப்பதை வரவேற்கிறேன். எனினும், திருகோணமலையில் வசிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலை என்னும் சிறு தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கண்ணாடியிழைப் படகுகள், வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் மணல்மேட்டில் ஏற்றப்படுகின்றன. அவற்றுள் கைவிடப்பட்டது எது என்பது பார்த்தவுடனே தெரியும்: அடிப்பூச்சு உரிந்து இழைகள் வெளித்தள்ளியிருக்க, தேங்கிய மழைநீரில் நுளம்பு பெருகிக்கொண்டிருக்கும். கண்ணாடியிழை மட்காது, எரித்தால் நச்சுப்புகை எழும். ஆகவே அத்தகைய படகைக் கொடையென்று கொடுப்பது, அதை அப்புறப்படுத்தும் செலவைப் பெறுபவரின் தலையில் கட்டுவதே ஆகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையில் வழங்கப்பட்ட படகுகளிலும் ஒரு பகுதி தரக்குறைவாகவே இருந்தது. (படகின் பின்புறம் பொருத்தப்படும் வெளியிணைப்பு இயந்திரம் மட்டும் நல்ல நிலையில் இருந்தால், அதைத் தனியே கழற்றிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.)

வாகனங்களின் கதை வேறு. 2020 இல் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வானுக்கும் நல்ல விலை கிடைத்ததால், கொடுக்க முன்வருவோர் அருகினர். அப்படிக் கொடுப்பவர்களும் சாவியைக் கையளிப்பதோடு நின்றுவிடாமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையாளர் பெயரை மாற்றிவிட வேண்டும். இல்லையெனில், பிறர் ஓட்டிய வண்டிக்காகப் பொலிஸ் நிலையம் செல்ல நேரிடலாம்.