ஜானகி அம்மாளை 24 நாட்களுக்குள் அடைத்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் ஜெயலலிதா என்று சொல்பவர்கள் இன்றும் ஏராளம். சரியான விடை தெரிந்தவர்களும், "வி.என்.ஜானகி, 24 நாள் இருந்தார்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பொறுக்கவில்லை. இந்தியாவில் ஒரு மாநிலத்தின் முதல்வரான முதல் திரைப்பட நடிகை அவர். அதைவிடப் பெரிதாக அவர் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அவர் பிறந்தது வைக்கத்தில். பாபநாசம் சிவனின் உடன்பிறந்தவரான ராஜகோபால ஐயரின் மகள். 1948இல் தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து மீண்டு நடித்த 'ராஜமுக்தி'யில் ஜானகிதான் நாயகி; அதே படத்தில் எம்.ஜி.ஆர். துணைப் பாத்திரத்தில் நடித்தார். அடுத்த ஆண்டு அண்ணாவின் 'வேலைக்காரி'. 1950இல் கலைஞர் வசனம் எழுதிய 'மருதநாட்டு இளவரசி'. 1953இல் 'நாம்'. திராவிட இயக்கம் திரையைத் தன் மேடையாக்கிக்கொண்ட தொடக்க ஆண்டுகளில், அதன் வசனங்களைப் பேசிய நாயகிகளில் ஒருவர் இவர். பிறகு நடிப்பை விட்டு வீட்டோடு இருந்துவிட்டார். 'எம்.ஜி.ஆரின் மனைவி' என்ற அடையாளம் அதற்கு முந்தைய அத்தனையையும் விழுங்கிவிட்டது.

1984இல் எம்.ஜி.ஆர். நோயுற்று நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஜானகி. திரும்பிவந்த எம்.ஜி.ஆரின் பேச்சு பழையபடி தெளிவாக இல்லை. அந்த வீட்டுக்குள் அவர் என்னென்ன சுமந்திருப்பார் என்று எழுத யாரும் மெனக்கெடவில்லை.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி இரண்டாகப் பிளந்தது. 1988 ஜனவரி 7 அன்று, அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றிராத ஜானகியை முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆர்.எம்.வீரப்பன் போன்ற மூத்தவர்களுக்கு ஜெயலலிதாவைத் தடுக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. கணவரை இழந்து இரண்டு வாரமே ஆன ஒருவரை அதற்கு முன்னிறுத்தினார்கள்.

ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்தில் நடந்ததை நான் பூசி மெழுக மாட்டேன். பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன் எதிரணி உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அவைக்குள்ளே அடிதடி நடந்தது, போலீஸ் உள்ளே புகுந்தது. தமிழகச் சட்டமன்ற வரலாற்றில் வெட்கக்கேடான நாள் அது. முதல்வர் என்ற முறையில் ஜானகிக்கும் அதில் பொறுப்பு உண்டு. இரண்டு நாளில் ராஜீவ் காந்தியின் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது.

அடுத்து 1989 தேர்தல். இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சிவாஜி கணேசன் தன் புதிய கட்சியோடு ஜானகியுடன் கூட்டணி வைத்தார்; திருவையாற்றில் அவரே தோற்றார். எம்.ஜி.ஆர். படுக்கையில் இருந்தபடியே வென்ற ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். அவருடைய அணி ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டது. சேவல் 27 இடங்களில் வென்றது. ஒரு காலத்தில் ஜானகி நடித்த படத்துக்கு வசனம் எழுதிய கருணாநிதி 13 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் முதல்வரானார்.

அதற்குப் பிறகு ஜானகி எடுத்த முடிவைத்தான் நான் அவருடைய அரசியல் என்கிறேன். அரசியலை விட்டு விலகினார். இரண்டு அணிகளும் ஜெயலலிதா தலைமையில் ஒன்றாக வழிவிட்டார். அதனால்தான் இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டே மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் ஒன்றுபட்ட அ.தி.மு.க. வென்றது, 1991இல் ஆட்சியையே பிடித்தது.

"தோற்றுப்போனவருக்கு வேறு என்ன வழி?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவே மாட்டேன். தோற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்களா என்ன? சின்னத்துக்கு உரிமை கோரித் தேர்தல் ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கலாம். எம்.ஜி.ஆரின் மனைவி என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேர்தலிலும் ஆயிரம் இரண்டாயிரம் வாக்குகளைப் பிரித்து அந்தக் கட்சியை எழவே விடாமல் செய்திருக்கலாம். 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலின்போது இதே சின்னம் மறுபடி முடக்கப்பட்டதைப் பார்த்தோமே! கட்சியைக் கையில் வைத்திருந்த ஆண்கள் எத்தனை பேர் ஜானகியைப் போல நடந்துகொண்டார்கள்?

2022 ஜூலை 11 அன்று ராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் எடப்பாடி பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் ஆகிய இரு தரப்பும் கல்லும் கட்டையுமாக மோதிக்கொண்டன. வருவாய்த் துறையினர் வந்து கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். அன்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கொதித்துப்போனேன். அந்த இடம் ஜானகி அம்மாளின் சொந்தச் சொத்து. லாயிட்ஸ் சாலையில் தன் பெயரில் இருந்த அதைக் கட்சிக்குத் தானமாகக் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த இடத்தின் கதவை உடைத்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

ராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேச முடியாத குழந்தைகளுக்காக அவர் உருவாக்கிய பள்ளியும் இருக்கிறது. கடைசி ஆண்டுகளில் அவருடைய கவனம் அதில்தான் இருந்தது. 1996 மே 19 அன்று மறைந்தார். அதே மாதம்தான் ஜெயலலிதாவும் ஆட்சியை இழந்திருந்தார், நாடு முழுக்க அந்தச் செய்தி.

2024 நவம்பரில் அ.தி.மு.க. அவருக்கு நூற்றாண்டு விழா எடுத்தது. நல்லது. ஆனால் ஒரு நாள் மேடை போதாது. ஜெயலலிதாவைப் பற்றி எத்தனை நூல்கள், எத்தனை படங்கள்! அவற்றில் பெரும்பாலானவற்றில் ஜானகி வந்துபோகும் ஒரு நிழல்தான். 1988இல் அந்த அவையில் இருந்த உறுப்பினர்களும் அன்று செய்தி சேகரித்த பத்திரிகையாளர்களும் இன்று முதியவர்கள். இப்போதே அவர்களைத் தேடிப்போய்க் கேட்டுப் பதிவு செய்து, வைக்கத்தில் தொடங்கி ராமாவரம் வரை ஜானகியின் முழு வாழ்க்கையை யாராவது எழுத வேண்டும். நாற்காலியில் அமர ஏன் சம்மதித்தார், பிறகு எப்படி எழுந்து போக முடிவு செய்தார், இந்த இரண்டையும் அந்த நூல் கேட்க வேண்டும்.