எர்ணாவூர்க் கூட்டமும் அந்த ‘ஆஸ்க்’கும்

வடசென்னை எர்ணாவூரில் எண்ணெய்க் கசிவு பற்றி ஊர் மக்களோடு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “கம்யூனிட்டியோட ஆஸ்க் என்ன?”, அதாவது ஊர் மக்களின் கோரிக்கை என்ன என்று கூட்டத்தில் ஒரு தம்பி மைக்கை நீட்டுகிறார். மீன் விற்கும் அக்கா பதில் சொல்லத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். மேடையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. “உங்களுக்கு என்னக்கா வேணும்?” என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

‘ஆஸ்க்’ (கேள்) என்ற வினையைப் பெயராக்கிப் பேசுவதை நான் குறை சொல்லி எழுதியதற்கு, அது பழைய ஆங்கிலத்திலேயே பெயர்ச்சொல்லாக இருந்தது என்று கமென்டில் ஒருவர் பாடம் எடுக்கிறார். சரி, இருக்கட்டும். ‘இன்வைட்’ (அழை) என்பதுகூட 17ஆம் நூற்றாண்டிலேயே அப்படிப் பெயர்ச்சொல் ஆகிவிட்டது. சொல்லின் வயசைப் பற்றி யார் பேசினார்கள்? இப்படி வினையைப் பெயராக்கிப் பேசும்போது செய்த ஆள் காணாமல் போய்விடுகிறான். அதைத்தான் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பாகப் பிசுபிசுத்தன. நம் ஆட்கள் மக்கையும் பக்கெட்டையும் வைத்து அள்ளினார்கள். கூட்டத்தில் காட்டிய ஸ்லைடில் அது ‘ஸ்பில் ஈவென்ட்’, அதாவது கசிவு நிகழ்வு. கீழே ‘கீ லேர்னிங்ஸ்’, கற்றுக்கொண்ட முக்கியப் பாடங்களாம். விட்டது யார், கற்றுக்கொண்டது யார்? ஒரு ஆள் கிடையாது.

என் தம்பியை வேலையை விட்டு அனுப்பியபோதும் இதே பாஷைதான். “உங்கள் செபரேஷன் இன்ன தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது” என்று மெயில். “யாருடா உன்னை அனுப்பினது?” என்று அம்மா கேட்டார். மெயிலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அதில் யார் பெயரும் இல்லை. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

டாக்டர் டாக்டரிடமும் இன்ஜினியர் இன்ஜினியரிடமும் தொழில் பாஷை பேசட்டும், அது தேவைதான். ஆனால் அமெரிக்காவிலேயே, அரசு மக்களுக்கு எழுதுவது தெளிவாகப் புரிய வேண்டும் என்று 2010இல் சட்டம் போட்டார்கள். அவர்களுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

அப்புறம், “இங்கிலீஷ் வராத எரிச்சல்” என்று எழுதியவருக்கு. நானும் அந்த இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். வடசென்னைக்காரன் வாய் திறந்தாலே இங்கிலீஷ் தெரியாது என்று முடிவு செய்துவிடுகிறீர்கள். நாங்கள் பேசினால் அதற்கு ‘மெட்ராஸ் பாஷை’ என்று ஒரு சிரிப்பு, உங்களுடையது புரியவில்லை என்றால் அதற்கும் சிரிப்பு. எத்தனை காலத்துக்கு?

எண்ணெயை விட்டது யார், வலைக்கு யார் பணம் தரப்போகிறார் என்று ஆள் பெயரோடு ரெண்டு வரி எழுதித் தாருங்கள். இங்கிலீஷிலேயே எழுதுங்கள், நாங்கள் படித்துக்கொள்கிறோம்.