பாரிஸ் என்று சொல்லி எங்கே இறக்குகிறார்கள்?

மலிவு விமான டிக்கெட்டில் 'பாரிஸ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இறக்கிவிடுவது பொவே என்கிற வேற ஊரில். பாரிஸுக்கு இன்னும் 85 கிலோமீட்டர்! செங்கோட்டையில் இறக்கிவிட்டு இதுதான் கொல்லம் என்றால் எங்க ஊர்க்காரங்க சும்மா விடுவாங்களா? பஸ்ஸுக்குத் தனியாகத் தண்டம் அழணும்.

அடுத்த ஊருக்கு விமானம் ஏறும்போது முதுகுப்பையை, அளவு பார்க்க வைத்திருக்கும் இரும்புச் சட்டத்துக்குள் திணித்துக் காட்டணுமாம். நேந்திரங்காய் சிப்ஸ் டப்பா முட்டிக்கொண்டு ஒரு விரல்கடை வெளியே நின்றது. அதற்குப் பிடுங்கிய காசு டிக்கெட்டை விட அதிகம்! ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. அதையும் கட்டிவிட்டுத்தானே வந்து நிற்கிறோம்?

ரயில் நிலையத்தில் ஒண்ணுக்குப் போக ஒரு யூரோ. சில்லறை இல்லாதவன் அடக்கிக்கொண்டே நிற்கணுமா? சர்க்கரை வியாதிக்காரங்க என்னதான் செய்வாங்க?