நோட்டீஸைப் பிரித்துப் படியுங்கள்
தவணை தவறினாலே வங்கி வீட்டைப் பூட்டிவிடலாம் என்பது போல நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர்கள் பலர் வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்குகிறோம், அதனால் எழுதுகிறேன்.

வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் 2002 சர்ஃபாசி சட்டப்படி, தவணை தொடர்ந்து கட்டாமல் கணக்கு வாராக்கடன் ஆன பிறகே வங்கியிடமிருந்து நோட்டீஸ் வரும். பாக்கியைக் கட்ட 60 நாள் அவகாசம். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். நம் ஆட்கள் பயத்தில் கவரைப் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. அந்த 60 நாள்தானய்யா உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம்!

வங்கி வீட்டைத் தன் சுவாதீனத்தில், அதாவது கைவசம், எடுத்தாலும் 45 நாளுக்குள் வங்கிக் கடன் வழக்குகளை விசாரிக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். ஆனால் 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை உண்டு. ஏலத்தன்று பணத்தோடு ஓடிப் பயனில்லை.

ஏற்காடு அடிவாரத்து விவசாயிகளுக்கு ஒன்று: விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது, 31வது பிரிவு. பட்டாவில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, உண்மையில் பயிர் செய்வதற்குச் சான்றாக அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) நகலும் கையில் இருக்கட்டும்.